நீங்கனா பெத்ரோவ்னா

"பேசுங்க தம்பி" என்று காவலர் என் கையில் மைக்கைக் கொடுத்தார்.

குற்றாலத்தில் பேரருவிக்கு எதிரே இருக்கும் போலீஸ் கூண்டு அது. உள்ளே நனைந்த காக்கியும் வறுத்த கடலையும் கலந்த வாடை. மைக்கின் தலையில் ஒரு கைக்குட்டையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் வெற்றிலை போடுகிறவர் என்பது கைக்குட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

"என்ன பேசணும் சார்?"

"உங்க ரஷ்யாக்கார அம்மாவ வெளிய வரச் சொல்லுங்க. தண்ணி கலங்கி வருது. விசில் ஊதி ஊதி எனக்கு வாய் கோணிட்டு."

எட்டிப் பார்த்தேன். ஆண்கள் பக்கம் காலி. பெண்கள் பக்கமும் காலி, மூன்று பேரைத் தவிர. நடுவில் என் ஆசிரியை நீனா பெத்ரோவ்னா, என் அம்மாவின் நைட்டியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தார். ஒரு கையை அம்மாவும் இன்னொரு கையை அக்காவும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அசையவில்லை. வோல்கா நதிக் குளிரில் வளர்ந்த உடம்பு. எங்கள் இலத்தூர்ப் பெண்கள் இரண்டு பேர் இழுத்து அது நகராது. விசில் சத்தம் குளியலோடு சேர்த்துத் தரப்படும் பின்னணி இசை என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது.

படிக்கட்டு நெடுக ஈரத் தலைகள். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பியிருந்தன. என் பக்கத்தில் அப்பா, காதை மூடும் ரோமத்தொப்பியோடு நின்றார். ஆடி மாதத்தில் அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

"பேசுலே" என்றார் அப்பா. "இதுக்குத்தானே படிச்ச?"

பொத்தானை அழுத்தினேன்.

அழுத்தி என்ன பேசினேன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த அம்மாள் எங்கள் அருவிக்குள் எப்படி வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ்ரே மாமா

விடுதிச் சமையலறையில் நான் ரசம் தாளித்துத் தீயணைப்பு வண்டி வந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டு, ஒரு வாசகர் "அன்புள்ள டாக்டர் தம்பிக்கு" என்று ஆரம்பித்து மூட்டுவலிக்கு யோசனை கேட்டிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. தென்காசிப் பக்கம் ஒருவன் ரஷ்யாவில் படிக்கிறான் என்றால் அவன் டாக்டருக்குத்தான் படிக்கிறான். வேறு எதற்காகவும் யாரும் அவ்வளவு குளிருக்குள் போக மாட்டார்கள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

நான் படிக்கப் போனது ரஷ்ய மொழியும் பண்பாடும். உதவித்தொகை கிடைத்தது, போனேன். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "சரி சரி, மொத வருசம் பாஷை, பொறவு ஆஸ்பத்திரி" என்று அவர்களாகவே முடித்துக்கொள்வார்கள்.

விடுமுறையில் ஊருக்கு வந்த மறுநாளே அச்சன்புதூர் மாமா ஒருவர் தன் முழங்கால் எக்ஸ்ரேயோடு வந்துவிட்டார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எலும்புக்கு ரஷ்யச் சொல் என்ன என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். மாமாவுக்கு அதிலேயே பாதி வலி போய்விட்டது.

அப்பாவுக்கு மட்டும் உண்மை தெரியும். அப்பா சுப்பையா, போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சொந்தத்தில் நெல் விதைக்காத ஆண்கள் எல்லாம் போலீஸ், மிச்சம் பேர் ராணுவம். நான் மொழி படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா வாசலைப் பார்த்துச் சொன்னார்.

"கிளிதாம்லே பேசப் படிக்கும். அதையும் கூண்டுலதான் வச்சிருக்காவ."

கடைசியில் ஒரு உடன்பாடு ஆயிற்று. ஒரு வருடம் பார்ப்பது. முதல் வருடத் தேர்வில் தேறினால் தொடரலாம். தவறினால் ஊருக்கு வந்து எஸ்.ஐ. தேர்வு எழுத வேண்டும். அதன் பிறகு ரஷ்யாவைப் பற்றி அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போனில் அம்மா பேசி முடிக்கும்போது பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்கும். அதுதான் அப்பா.

கரடி பால் கறந்த கதை

நீனா பெத்ரோவ்னாதான் எங்கள் வகுப்புக்கு எல்லாம். பெத்ரோவ்னா என்றால் பியோத்தரின் மகள். அந்த ஊரில் பெரியவர்களை அப்பா பேரையும் சேர்த்துத்தான் மரியாதையாகக் கூப்பிட வேண்டும். மாணவர்களுக்கு அந்த மரியாதை கிடையாது. ஆனால் கோபம் வந்தால் எங்களுக்கும் தருவார். என் பெயர் இசக்கிமுத்து. அவர் வாயில் அது 'இசாக்' ஆயிற்று. கோபத்தில் 'இசாக் சுப்பையாவிச்' ஆயிற்று. வாரத்தில் பாதி நாள் நான் சுப்பையாவிச்தான்.

வகுப்பில் எனக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. ரஷ்யத்தில் ஓர் உயிரெழுத்து இருக்கிறது, இகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவில் வயிற்றிலிருந்து வர வேண்டும். எகிப்துக்காரன் முயன்று இருமினான். வியட்நாம் பெண் முயன்று அழுதாள். நான் மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டேன். 'காது', 'மூக்கு' என்னும்போது கடைசியில் வாய் குவியாமல் ஒரு உகரம் வருமே, குற்றியலுகரம் என்று பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்தி எடுப்பார்களே, அதையே கொஞ்சம் இழுத்தேன். நீனா பெத்ரோவ்னா எழுந்து நின்று, எல்லோரையும் என் வாயைப் பார்க்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு என் வாய் திறந்ததெல்லாம் பிழைதான்.

புது மொழி படிப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவன் நினைப்பதைப் பேச முடியாது. தெரிந்த சொல்லைத்தான் பேச முடியும். "உன் குடும்பத்தைப் பற்றிச் சொல்" என்றார் நீனா பெத்ரோவ்னா. பாடப்புத்தகத்தின் அந்தப் பாடத்தில் ஏட்டுக்குச் சொல் இல்லை. தையற்காரிக்குச் சொல் இல்லை. எருமைக்குச் சொல் இல்லை. அதில் இருந்தவை ஜெனரல், பாலே நடனக்காரி, கரடி.

"என் அப்பா ஜெனரல்" என்றேன். "என் அக்கா பாலே ஆடுகிறாள். எங்கள் வீட்டில் ஒரு கரடி இருக்கிறது. அது கறுப்பு. தினமும் காலையில் அது பால் தருகிறது. நாங்கள் அதில் டீ போடுகிறோம்."

நீனா பெத்ரோவ்னா கவனமாகக் கேட்டார்.

"தப்பு" என்றார். "நீ சொன்னது ஆண் கரடி. ஆண் கரடி பால் தராது. பெண் கரடி என்று சொல்."

திருத்திச் சொன்னேன். சரி என்று தலையாட்டி அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

அவர் அப்படித்தான். எதைச் சொல்கிறாய் என்பது உன் பாடு. சொல்லின் கடைசி எழுத்து சரியா என்பதுதான் அவர் பாடு. யாராவது வினைச்சொல்லின் வாலை விட்டுவிட்டால், ஒன்றும் பேசாமல் கையைத் தூக்கி இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக் காட்டுவார். வாலை ஏன் வெட்டினாய் என்று அர்த்தம்.

தேவதைக் கதை அல்ல

ஆண்டு முடிவில் எழுத்துத் தேர்வு. கட்டுரைத் தலைப்பு 'என் ஊரில் ஒரு நாள்'. அதற்குள் எனக்குச் சொற்கள் சேர்ந்திருந்தன. உள்ளதை உள்ளபடி எழுத முடியும் என்ற தெம்பில் குற்றாலத்தை எழுதினேன்.

மலையிலிருந்து தண்ணீர் விழும். அதன் கீழே ஆண்கள் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு, கோமணத்தோடு நிற்பார்கள். எதிரே போலீஸ் நின்று விசில் ஊதிக் குளிப்பதை ஒழுங்குபடுத்தும். நோயே இல்லாதவர்களைப் பெஞ்சில் படுக்கவைத்து ஒருவர் எண்ணெய் விட்டு அடிப்பார், அடி வாங்கியவர் எழுந்து நன்றி சொல்லுவார். தண்ணீர் அதிகமானால் போலீஸ் எல்லோரையும் துரத்தும். துரத்தப்பட்டவர்கள் ஈரத்துணியோடு உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்பார்கள். தண்ணீர் குறைந்ததும் மறுபடி போய் நிற்பார்கள். இப்படியே சாயங்காலம் வரை.

விடைத்தாள் திரும்பி வந்தது. ஐந்துக்கு இரண்டு. மூன்று வாங்கினால்தான் தேர்ச்சி. கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'உண்மை நிகழ்ச்சி கேட்கப்பட்டது. தேவதைக் கதை அல்ல.'

ஓடினேன். "நீனா பெத்ரோவ்னா, இது சத்தியம்!"

"இசாக் சுப்பையாவிச், குளிப்பதற்கு எந்த நாட்டிலும் போலீஸ் வராது."

"கரடியை நம்பினீர்களே?"

"இந்தியாவில் கரடி இருக்கிறது. புத்தகத்தில் படித்திருக்கிறேன்."

செப்டம்பரில் மறுதேர்வு என்று சொல்லிவிட்டார். விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். தவறிவிட்டேன் என்பதை மட்டும் அப்பாவிடம் சொன்னேன். எஸ்.ஐ. தேர்வுக்கான தடித்த புத்தகம் ஒன்று என் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் நீனா பெத்ரோவ்னாவிடமிருந்து போன் வந்தது. முழங்கால் வலிக்கு ஆயுர்வேத வைத்தியம் செய்துகொள்ள வர்கலாவுக்கு வந்திருக்கிறாராம். வைத்தியம் முடிந்துவிட்டது. வரைபடத்தில் பார்த்தால் என் ஊர் பக்கத்தில் இருக்கிறது. "உன் அருவியை எனக்குக் காட்டு" என்றார். "இருந்தால்."

சந்தோஷத்தில் 'வாருங்கள்' என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் ஜெனரலும் பாலேக்காரியும் கரடியும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

செங்கோட்டை ஸ்டேஷனில் ஒரு ஜெனரல்

கொல்லத்திலிருந்து மலை ஏறி இறங்கி வந்த ரயிலிலிருந்து நீனா பெத்ரோவ்னா இறங்கினார். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கையில் பெரிய பை. அப்பா வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றார். போலீஸ் விறைப்பு ஓய்வு பெறுவதில்லை. அதைப் பார்த்ததும் நீனா பெத்ரோவ்னாவும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "வணக்கம், தோழர் கெனெரால்!" என்றார் ரஷ்யத்தில்.

"ஏதோ ஜெனரல்னு கேட்டுச்சேலே?"

"ஜெனரலா எல்லாருக்கும் வணக்கம் சொல்லுதாவப்பா."

பையைத் திறந்து ஒரு தொப்பியை எடுத்து நீட்டினார். சாம்பல் நிற ரோமம், காதை மூடும் மடிப்பு, முன்னால் சிவப்பு நட்சத்திரம். அப்பா அதை வாங்கி, விருந்தாளி முகம் வாடக் கூடாது என்று அங்கேயே தலையில் வைத்துக்கொண்டார். அன்று முழுவதும் கழற்றவில்லை.

வீட்டில் அம்மா ஆரத்தி எடுக்காத குறை. "பேரு என்னய்யா?" என்று என்னிடம் கேட்டாள்.

"நீனா பெத்ரோவ்னாம்மா."

அம்மா முகம் சுளித்தாள். "பெரிய மனுசிய, வீட்டுக்கு வந்தவிய, எப்படிய்யா 'நீ'னான்னு கூப்பிட? எனக்கு வாய் வராது." அப்புறம் அவரிடம் திரும்பி மிகுந்த மரியாதையோடு, "நீங்கனா, இட்லி சாப்பிடுங்க" என்றாள்.

கடைசிவரை அவர் எங்கள் வீட்டில் நீங்கனாதான்.

அக்கா ஈஸ்வரி தென்காசியில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். கொஞ்சம் கனத்த உடம்பு. அவளை அறிமுகப்படுத்தியதும் நீனா பெத்ரோவ்னா அவள் பாதங்களை ரொம்ப நேரம் மரியாதையோடு பார்த்தார். அவள் நடந்தபோதும் பார்த்தார். உட்கார்ந்தபோதும் பார்த்தார்.

"ஏம்லே எங்காலையே பாக்காவ?" என்று அக்கா என் காதில் கேட்டாள். "சேறு கீறு ஒட்டியிருக்கா?"

"கொலுசு நல்லாருக்குன்னு சொல்லுதாவ."

"நான் கொலுசே போடலையேலே!"

அதற்குள் பையிலிருந்து ஒரு பெரிய தேன் பாட்டில் வெளியே வந்தது. அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இது அதற்கு" என்றார் நீனா பெத்ரோவ்னா என்னிடம் தாழ்ந்த குரலில். "அது எங்கே?"

"தூங்குகிறது."

"பகலிலா?"

"குளத்தில்" என்றேன். எருமை உண்மையிலேயே குளத்தில்தான் கிடந்தது. அந்த ஒரு பதிலாவது உண்மை என்று மனது ஆறியது.

இப்படியே காலை முழுவதும் நடுவில் நின்று சமாளித்தேன். இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இந்தப் பக்கம் சொன்னது அந்தப் பக்கம் போக என் வாய் ஒன்றுதான் வழி. அந்த வாய் இருக்கும்வரை ஜெனரல் ஜெனரலாகவே இருப்பார் என்று நம்பினேன்.

குற்றாலத்தில் இறங்கியபோது அந்த நம்பிக்கை இன்னும் பலப்பட்டது. போலீஸ் கூண்டில் இருந்தவர்கள் அப்பாவோடு வேலை பார்த்த பிள்ளைகள். தொப்பியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எல்லோரும் எழுந்து பலமாக சல்யூட் அடித்தார்கள். நீனா பெத்ரோவ்னா என் பக்கம் திரும்பி, அதில் சந்தேகமில்லை என்பது போலத் தலையசைத்தார். அப்புறம் அருவியைப் பார்த்தார். சாரல் முகத்தில் அடித்தது. விசில் கேட்டது. எண்ணெய் வழிய கோமணத்தோடு ஒரு கூட்டம் ஓடியது. அவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"பார்த்தீர்களா?" என்றேன்.

அவர் அருவியை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேரருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் உள்ளே போக முடியாது.

"அம்மா, நான் இல்லாம எப்படிப் பேசுவிய?"

"குளிக்கதுக்கு என்னய்யா பாஷை?" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

விஹதீ

இனி மைக்குக்கு வருகிறேன்.

பொத்தானை அழுத்தினேன். தலைக்கு மேலே ஒலிபெருக்கி கீச்சென்றது. மலையில் மேலே நல்ல மழை. விழுகிற தண்ணீரில் வெள்ளை போய்ப் பழுப்பு ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள் என் அம்மா நிற்கிறாள், அக்கா நிற்கிறாள். விருந்தாளியை விட்டுவிட்டு வெளியே வருகிற ஜாதி இல்லை இருவரும். 

"நீனா பெத்ரோவ்னா!" என்று கத்தினேன். "விஹதீ! விஹதீ!"

'வெளியே வா' என்று அர்த்தம். குற்றாலம் முழுக்க அது எதிரொலித்தது.

அவர் கண்ணைத் திறந்தார். திரும்பி ஒலிபெருக்கியைப் பார்த்தார். ஒரு கையை அம்மாவிடமிருந்து விடுவித்துக்கொண்டு மெதுவாகத் தலைக்கு மேலே தூக்கினார். அருவிக்குள்ளிருந்து நீண்ட அந்தக் கையில் இரண்டு விரல்கள் கத்தரிக்கோல் மாதிரி வெட்டின.

"என்னய்யா சொல்லுதாவ?" என்றார் காவலர்.

"வாலை விட்டுட்டேனாம் சார்."

"எந்த வாலை?"

'விஹதீ' என்பது சின்னவர்களிடம் சொல்வது. 'வா'. பெரியவர்களிடம் 'விஹதீத்தே' என்று சொல்ல வேண்டும். 'வாருங்கள்'. பதற்றத்தில் நான் வாலை விட்டுவிட்டேன். என் ஆசிரியையை, அப்பாவை விடப் பெரியவரை, ஒலிபெருக்கியில், ஊரறிய, 'வாடி' என்று கூப்பிட்டிருக்கிறேன்.

அவர் ஒரு எட்டு ஓரத்துக்கு வந்தார். வருகிறார் என்று நினைத்தேன். இல்லை, குரல் கேட்க வேண்டும் என்பதற்காக வந்திருக்கிறார். கடைசி பெஞ்சுவரை போய்ப் பழகிய குரல். அருவிச் சத்தத்தையும் மீறி வந்தது.

"இசாக் சுப்பையாவிச்! மறுபடி!"

"ஏலே" என்றார் அப்பா, தொப்பிக்குள்ளிருந்து. "எம்பேர எதுக்குலே கத்துதாவ?"

"அங்கன அப்படித்தாம்ப்பா. என்னக் கூப்பிடணும்னா உங்க பேரையும் சேத்துத்தான் கூப்பிடுவாவ."

"தெனமுமா?"

"தெனமும்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். காவலர் விடவில்லை. "அண்ணாச்சி, பொறவு பேசுங்க. தம்பி, சொல்லுய்யா!"

மூச்சை இழுத்துக்கொண்டேன். "நீனா பெத்ரோவ்னா! விஹதீத்தே! தயவுசெய்து விஹதீத்தே! பெரிய தண்ணீர் வருகிறது!"

வெள்ளத்துக்குச் சொல் தெரியும். அந்த நேரத்தில் வரவில்லை.

படிக்கட்டில் நின்ற ஒரு ஆள், கடையநல்லூர்ப் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும், இது ஏதோ கூப்பிடும் முறை என்று புரிந்துகொண்டு தானும் கையைக் குவித்து "விஹதீத்தே!" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் பேரருவியின் எதிரே இருந்த கூட்டம் மொத்தமும், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், தூய ரஷ்யத்தில், ஒருமுகமாகக் கத்தியது: "விஹதீத்தே! விஹதீத்தே!"

நீனா பெத்ரோவ்னா கூட்டத்தைப் பார்த்தார். இப்படி ஒரு வகுப்பு அவருக்கு வாய்த்திருக்காது. நைட்டியை நீவிவிட்டுக்கொண்டு, ஒரு பக்கம் அம்மாவையும் ஒரு பக்கம் அக்காவையும் பிடித்தபடி, ராணி மாதிரி இறங்கி வந்தார். கூட்டம் கைதட்டியது.

அவர்கள் படியேறி மேலே வந்து சேர்ந்த பிறகு, பின்னால் இரைச்சல் மாறியது. திரும்பிப் பார்த்தோம். குளிக்கிற இடத்துக்கு மேலே கட்டியிருக்கும் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. செம்பழுப்பு. நடுவில் ஒரு மரக்கிளை வந்து, அவர்கள் பிடித்துக்கொண்டிருந்த கம்பியில் மோதித் துள்ளிப் போயிற்று.

 அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நீனா பெத்ரோவ்னா அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். காவலர் என் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். அதைப் பிடித்திருந்த என் கை, வாங்கிய பிறகும் மைக்கைப் பிடித்த மாதிரியே இருந்தது.

பஜ்ஜிக் கடை விசாரணை

ஈரத் தலையோடு உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றோம். நீனா பெத்ரோவ்னாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தட்டை மட்டும் கீழே வைக்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அது நல்ல சிரிப்பாகத் தெரியவில்லை. துணி மாற்றும் இடத்தில் அக்காவின் இங்கிலீஷும் நீனா பெத்ரோவ்னாவின் இங்கிலீஷும் சந்தித்துவிட்டிருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் ஒரு ஒழுங்கான வாக்கியம் தேறாது. ஆனால் உண்மை வெளிவர அது போதுமாக இருந்திருக்கிறது.

"இசாக்" என்றார் நீனா பெத்ரோவ்னா. "உன் அக்கா தைக்கிறாள்."

"ஆமாம்."

"கரடிக்குக் கொம்பு இருக்கிறது."

"ஆமாம்."

"ஜெனரல்?"

தொப்பியோடு பஜ்ஜியை ஊதிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தேன். "அந்தப் பாடத்தில் வேறு சொல் இல்லை, நீனா பெத்ரோவ்னா."

அவர் அப்பாவின் வேலையை என்னிடம் விசாரித்தார். எத்தனை பேருக்கு மேலே, யாருக்குக் கீழே, என்னென்ன செய்வார் என்று கேட்டுக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். "ஸ்தர்ஷினா" என்றார். "அதுதான் சரியான சொல். எழுதி வைத்துக்கொள்."

"என்னலே நடக்குது?" என்றார் அப்பா.

இனி மறைத்துப் பயனில்லை. சொன்னேன். அப்பா மெல்லுவதை நிறுத்தினார். கை தொப்பிக்குப் போயிற்று.

"அப்போ தொப்பிய திருப்பிக் கேப்பாவளோ?"

மொழிபெயர்த்தேன். நீனா பெத்ரோவ்னா அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். எழுந்து போய் அந்தத் தொப்பியை அப்பா தலையில் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துவிட்டு வந்தார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உன் கட்டுரை. நீ பொய் எழுதவில்லை. குறைத்து எழுதியிருக்கிறாய். அதற்கு ஐந்து."

நான் எழுந்தே விட்டேன்.

"உட்கார். தாளில் இரண்டு என்று பதிவாகிவிட்டது. விதி விதிதான். செப்டம்பரில் வந்து மறுபடி எழுது. இதே தலைப்பு. இன்றைய மைக்குக்கு மூன்று."

மூன்று என்றால் தேர்ச்சி. ஆனால் மைக்குக்குத் தனியாகத் தேர்வு கிடையாது. அப்பாவுக்கும் எனக்கும் உள்ள உடன்பாட்டின்படி நான் இன்னும் தவறியவன்தான். செப்டம்பர் என்ற சொல்லை நான் அன்று தமிழில் சொல்லவில்லை.

நாலாவது வாக்கியம்

மறுநாள் காலை அவரை ரயிலேற்ற நானும் அப்பாவும் போனோம். அம்மா கொடுத்த சீடை, நேந்திரம் சிப்ஸ், அக்கா இரவோடு இரவாகத் தைத்துக் கொடுத்த புது நைட்டி எல்லாம் பையில் இருந்தன. நைட்டி அவர் உயரத்துக்குச் சரியாக இருந்தது.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சிக்னல் விழவில்லை. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"இவன் தேறுவானான்னு கேளு."

"அப்பா..."

"கேளுலே."

என்னைப் பற்றி நானே கேட்க வேண்டியதாயிற்று. கேட்டேன். நீனா பெத்ரோவ்னா அப்பாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"இலக்கணம் மோசமாம்."

அப்பா தலையாட்டினார்.

"சோம்பேறியாம்."

அதற்கும் தலையாட்டினார். இன்னும் பலமாக.

"சொல் தெரியலன்னா, தெரிஞ்ச சொல்லப் போட்டு ஊரையே மாத்திருவானாம்."

அதோடு நிறுத்தினேன். நீனா பெத்ரோவ்னா என்னையே பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும்.

"நான் நாலு வாக்கியம் சொன்னேன். நீ மூன்றுதான் சொன்னாய்."

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

"இசாக் சுப்பையாவிச்!"

தன் பெயரைக் கேட்டதும் அப்பாவும் நிமிர்ந்தார். "என்னலே மிச்சம் வச்சிருக்க? சொல்லு."

"வந்து... இவன எங்கிட்ட திருப்பி அனுப்பி வைங்கன்னு சொல்லுதாவ. என்னைய இன்னும் முடிக்கலையாம்."

"முடிக்கலையா?" அப்பாவின் போலீஸ் காது விறைத்தது.

"படிப்பப்பா. படிப்பச் சொல்லித் தந்து முடிக்கல."

சிக்னல் விழுந்தது. ரயில் ஒரு குலுங்கு குலுங்கியது. அப்பா கம்பியை விடாமல் கூடவே இரண்டு எட்டு நடந்தார்.

"அனுப்புவோம்னு சொல்லு" என்றார். "செப்டம்பர்தானே? எனக்கும் நேத்துக் கேட்டுச்சு. செப்டம்பர்னா எல்லாப் பாஷையிலயும் செப்டம்பர்தாம்லே."

சொன்னேன். நீனா பெத்ரோவ்னா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரயில் வளைவில் திரும்பி மலைப் பக்கம் போய்விட்டது.

வண்டியில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். இலத்தூர் விலக்கு வந்தது. அப்பா திரும்பவில்லை. நேரே தென்காசிப் பக்கம் விட்டார்.

"எங்கப்பா?"

"அங்கன குளிருக்கு ஸ்வெட்டர் ரெண்டு போதுமாலே?"

"போதாதுப்பா."

குத்துக்கல்வலசையைத் தாண்டினோம். தென்காசிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வாசலெங்கும் ஆடித் தள்ளுபடி என்று தோரணம் கட்டியிருந்தார்கள். அப்பா வண்டியை நிறுத்தி, ஏட்டையா நடையில் உள்ளே போய், வேட்டி மடித்துக்கொண்டிருந்த பையனை எல்லாம் விலக்கிவிட்டு, முதலாளியிடமே கேட்டார்:

"அண்ணாச்சி, தள்ளுபடியில ஸ்வெட்டர் என்ன வெலைக்குப் போடுதிய?"

முதலாளி மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"மூணு வேணும்" என்றார் அப்பா. "நல்ல கனமா எடுங்க. பையன் வெளிநாட்டுல பாஷை படிக்கான்."